வலைத்தளமும் காவலும்



2014-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, வகுப்புகள் முடிந்து நான் வீட்டுக்குப் புறப்படும் வேளையில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் அறை வாயிலில் வந்து நின்றாள். கையில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அவள் கோடை விடுமுறையில் தானாகவே முயன்று வலைத்தளம் அமைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டவள். தான் தங்கியிருந்த விடுதியின் சிறிய நூலகத்துக்கு ஒரு பதிவேடு செய்து கொடுத்திருந்தாள். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, என்றைக்குத் திரும்பி வரவேண்டும் என்பவற்றையெல்லாம் அது காட்டும். விடுதிப் பெண்கள் அனைவரும் அதைத்தான் பயன்படுத்தி வந்தார்கள்.

“ஐயா, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஒரே ஒரு பெயரை மட்டும் அது ஏற்க மறுக்கிறது” என்றாள்.

அந்தப் பெயர் அவளுடைய அறைத்தோழியின் பெயர்: டி’சோசா. டி என்ற எழுத்துக்கும் சோசா என்பதற்கும் நடுவே, தலைக்கு மேலே தொங்கும் காற்புள்ளியைப் போல ஒரு சிறு குறி இருக்கிறதல்லவா? அந்தப் பெயரை இட்டவுடன் பக்கம் முழுவதும் நின்றுபோய், விளங்காத ஆங்கிலத்தில் ஏதோ பிழைச்செய்தி வந்தது. பாவம், அந்தப் பெண் தன் பெயரில் உள்ள குறியை விட்டுவிட்டுத்தான் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

இது ஒரு சில்லறைக் கோளாறு என்றுதான் என் மாணவி எண்ணியிருந்தாள். அந்தச் சிறு குறி வழியாக விடுதியின் பதிவேடு முழுவதையும் யார் வேண்டுமானாலும் வெளியே எடுத்துவிடலாம் என்பது அவளுக்குத் தெரியாது. அது எப்படி என்பதை விளக்கத்தான் இன்று வந்திருக்கிறேன். உங்களில் பலர் வலைத்தளம் அமைக்கக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். இணையப் பாதுகாப்பு என்ற துறையில் ஆசை கொண்டவர்களும் இருப்பீர்கள். இரண்டும் இரு வேறு கலைகள் என்று நினைக்கிறவர்களுக்காகவே இந்தப் பேச்சு.

முதலில் வலைத்தளம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, நம் கையிலுள்ள கருவி எங்கோ இருக்கும் மற்றொரு கணினியிடம், “இன்னதை எனக்குக் கொடு” என்று கேட்கிறது. கேட்டதை அது அனுப்பி வைக்கிறது. அனுப்பும் கணினிக்கு நூல்களில் வழங்கி என்று பெயர். பேச்சு வழக்கில் சர்வர் என்கிறார்கள். சர்வர் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருகிறவர் சிற்றுண்டிச் சாலையில் தோளில் துண்டோடு நிற்பவர்தான். அந்த நினைவே இங்கு நமக்குப் போதுமானது. நாம் மேசையில் உட்கார்ந்து கேட்கிறோம், சர்வர் உள்ளே போய்ச் சமையற்கட்டை நோக்கிக் குரல் கொடுக்கிறார், பண்டம் வருகிறது. வலைத்தளத்தில் சமையற்கட்டாக இருப்பது தரவுத்தளம். அதாவது பெயர்களும் எண்களும் பட்டியல் பட்டியலாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இடம். மேசையின் மேல் வந்து சேரும் தட்டுத்தான் நாம் காணும் பக்கம். அதன் உடற்கட்டை எச்.டி.எம்.எல். என்ற மொழியிலும், ஒப்பனையைச் சி.எஸ்.எஸ். என்ற மொழியிலும், அசைவுகளை ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியிலும் எழுதுகிறார்கள். சர்வரின் மூளையைப் பைதான், பி.எச்.பி. முதலிய மொழிகளில் எழுதலாம். சமையற்கட்டுக்குக் கட்டளையிடும் மொழிக்கு எஸ்.கியூ.எல். என்று பெயர்.

சிற்றுண்டிச் சாலையில் நடப்பதை இன்னும் சற்று உற்றுக் கவனியுங்கள். உள்ளே அடுப்படியில் நிற்பவர் வாடிக்கையாளரைப் பார்ப்பதில்லை. சர்வரின் குரலை மட்டுமே கேட்கிறார். அந்தக் குரல் சொன்னதைச் செய்கிறார். ஒரு வாடிக்கையாளர், “இரண்டு இட்லி; பிறகு கல்லாப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வா” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சர்வர் சிரிப்பார். ஆனால் சொன்னதைச் சொன்னபடியே உள்ளே கூவுகிற ஒரு சர்வர் இருந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பவருக்கு அது முழுவதும் சர்வரின் கட்டளையாகவே காதில் விழும். கணினி அப்படிப்பட்ட சர்வர்தான். சிரிக்கத் தெரியாதது.

வானொலியில் குறிகளைக் காட்ட இயலாது. ஆகையால் ஒரு தாளை எடுத்து, நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். என் மாணவி எழுதியிருந்த கட்டளையைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: பதிவேட்டிலிருந்து விவரம் கொடு; யாருடையது எனில், பெயர் = ‘ ’. இரண்டு மேற்கோள் குறிகளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில், படிக்க வந்தவர் இடும் பெயர் போய் ஒட்டிக்கொள்ளும். வள்ளி என்று இட்டால், பெயர் = ‘வள்ளி’ என்று ஆகும். அதில் குறை ஒன்றுமில்லை. டி’சோசா என்று இட்டாலோ, நடுவிலுள்ள குறியைக் கண்டவுடன், ‘டி’ என்பதோடு பெயர் முடிந்துவிட்டது என்று கணினி கருதிவிடும். மிஞ்சிய சோசா என்பது கட்டளையின் ஒரு பகுதியாகத் தோன்றும். சோசா என்று ஒரு கட்டளை எஸ்.கியூ.எல். மொழியில் இல்லை. ஆகவே தடுமாறி நின்றுவிடும்.

அந்த அறைத்தோழி இட்டது அவளுடைய பெயர். கபடமுள்ள ஒருவர் வேறொன்றை இடலாம். வெற்றிடத்தில், வள்ளி’ அல்லது ‘1’ = ‘1 என்று எழுதினால், கட்டளை முழுவதும் எப்படி அமையும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். பெயர் = ‘வள்ளி’ அல்லது ‘1’ = ‘1’. ஒன்றும் ஒன்றும் சமம் என்பது யாருடைய பெயருக்கும் பொருந்தும் உண்மை. ஆகவே, “பெயர் வள்ளியாக இருந்தாலும் சரி, ஒன்றும் ஒன்றும் சமமாக இருந்தாலும் சரி, விவரத்தைக் கொடு” என்று கேட்டதாகிவிடும். பதிவேட்டில் உள்ள அத்தனை பேருடைய விவரங்களும் வந்து கொட்டும். நான் அதை அவள் எதிரிலேயே இட்டுக் காட்டினேன். விடுதிப் பெண்களின் பெயர்கள், அறை எண்கள், தொலைபேசி எண்கள் யாவும் திரையில் வரிசையாக வந்தன. அவள் முகம் வெளுத்துப் போயிற்று. “இதை நான்தானே ஐயா செய்தேன்?” என்று கேட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அவளுடைய நிரலைப் படிக்கும்போதே, அந்த வரி எனக்குப் பழக்கமானது என்று தெரிந்துவிட்டது. முந்தைய ஆண்டு வகுப்பில் கரும்பலகையில் நான் எழுதிய வரி அது. பாடநூலில் இருந்ததை எழுதினேன். பாடநூலைக் கேள்வி கேட்காமல் எழுதினேன். எனக்கு ஆபத்துத் தெரியாதென்று சொல்ல முடியாது. தெரியும். “காவல் என்பது வேறு பாடம், மூன்றாம் ஆண்டில் வரும்” என்று எண்ணி விட்டுவிட்டேன். அந்த மூன்றாம் ஆண்டு வருவதற்குள் என் மாணவர்களில் எத்தனை பேர் எத்தனை பதிவேடுகளை எழுதினார்களோ!

இதற்கு மாற்று என்ன? “மேற்கோள் குறியை யாரும் இடக்கூடாது” என்று தடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் டி’சோசாவுக்கு என்றைக்கும் தன் பெயர் கிடைக்காது. பெயர் குற்றம் செய்யவில்லை. பெயரையும் கட்டளையையும் ஒரே வாக்கியமாக ஒட்டியதே குற்றம். சரியான முறை வேறு. கட்டளையை வெற்றிடத்தோடு முதலில் அனுப்பிவிட வேண்டும். தரவுத்தளம் அதைப் படித்துப் பொருள் புரிந்துகொண்டு தயாராக இருக்கும். அதன் பிறகு பெயரைத் தனியாக அனுப்ப வேண்டும். பெயராக வருவதில் எத்தனை குறிகள் இருந்தாலும், எத்தனை கட்டளைச் சொற்கள் இருந்தாலும், அது பெயராகவே கொள்ளப்படும். சிற்றுண்டிச் சாலை உவமையில் சொன்னால், அச்சடித்த சீட்டில் பண்டத்தின் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் “கல்லாப்பெட்டி” என்று எழுதினால், “அப்படி ஒரு பலகாரம் இல்லை” என்பதே விடையாக வரும். வலைத்தளம் எழுத வழக்கமாகப் பயன்படும் நிரல் மொழிகளில் இந்த வசதி இருக்கிறது. ஒரு வரிக்குப் பதிலாக இரண்டு வரி எழுதவேண்டும், அவ்வளவே.

இந்த ஓட்டை புதிதன்று. 1998-ஆம் ஆண்டின் இறுதியிலேயே ஃபிராக் என்ற மின்னிதழில் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். பதினொரு ஆண்டுகள் கழித்து, 2009 டிசம்பரில், அமெரிக்காவிலுள்ள ராக்யூ என்ற நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பேருடைய கடவுச்சொற்கள் வெளியே போயின. போன வழி இதே வழி. கடவுச்சொற்களை அந்த நிறுவனம் எழுதியது எழுதியபடியே வைத்திருந்தது இன்னும் பெரிய பிழை. வெளிவந்த பட்டியலை ஆராய்ந்தவர்கள் கண்ட வேடிக்கை ஒன்று உண்டு: ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் 123456 என்பதையே தங்கள் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள்!

கடவுச்சொல்லை எழுதியபடியே வைக்காமல் வேறு எப்படி வைப்பது? இங்கே ஒரு தந்தையும் மகனும் நம் கதைக்குள் வருகிறார்கள். 1979-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்ற இருவர் கடவுச்சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவே கூடாது; அதை அரைத்து வந்த மாவை மட்டுமே சேமிக்கவேண்டும் என்பது அவர்கள் விளக்கிய முறையின் சாரம். மாவைக் கொண்டு நெல்லைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் மறுபடி அதே நெல்லைக் கொடுத்தால் அதே மாவு வரும். இரண்டையும் ஒப்பிட்டு, வந்தவர் உரியவர்தாமா என்று அறியலாம். அரைக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமான உப்பைச் சேர்க்கவேண்டும் என்றும் சொன்னார்கள். உப்பு என்பது என் உவமையன்று; ஆங்கிலத்திலும் அதற்கு அந்தப் பெயர்தான். உப்புச் சேர்த்துவிட்டால், இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறுபடும். மேலும், அரைவை மெதுவாக நடக்கவேண்டும். உரியவர் ஒரு முறை அரைக்கிறார். அவருக்கு நொடியில் ஒரு பகுதி வீணானால் நட்டமில்லை. திருடன் கோடி முறை அரைத்துப் பார்க்கவேண்டும். அவனுக்கு அது பெருஞ்சுமை. 1999-இல் வெளிவந்த பிகிரிப்ட் என்ற முறையும், 2015-இல் ஒரு போட்டியில் வென்ற ஆர்கான்2 என்ற முறையும் இப்படி வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப்பட்டவை. வேகத்தைப் போற்றும் கணினி உலகில், மெதுவாக இருப்பதற்குப் பரிசு கிடைக்கும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதே கட்டுரையில் மற்றொரு செய்தியும் இருந்தது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் நூற்றுக்கு 86 பங்கு, மிகக் குறுகியவையாகவோ அகராதியில் கிடைப்பவையாகவோ இருந்தன. மனிதர்கள் எளிதில் ஊகிக்கக் கூடியவற்றையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இதனால் தெரிந்தது.

ஒன்பது ஆண்டுகள் சென்றன. அந்த மாரிஸின் மகன், அவர் பெயரும் ராபர்ட் மாரிஸ்தான், கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். 1988 நவம்பர் 2-ஆம் தேதி, தானாகவே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, 432 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு கடவுச்சொற்களை ஊகிப்பது! தந்தை ஆராய்ந்து எச்சரித்த அதே பலவீனத்தைத்தான் மகனின் நிரல் பயன்படுத்திக்கொண்டது. பொருள்களை அழிக்கும் நோக்கம் அந்த நிரலில் இல்லை. ஆனால் கணக்கு ஒன்று தவறிப் போயிற்று. ஒரு கணினியில் தன் நகல் ஏற்கெனவே இருந்தால் விலகிப் போகவேண்டும். ஆனால் யாரேனும் பொய் சொல்லித் தடுத்துவிடக் கூடாதே என்பதற்காக, ஏழு முறைக்கு ஒரு முறை எப்படியும் தங்கிவிடு என்று எழுதியிருந்தார். ஏழில் ஒன்று என்பது மிக அதிகம். ஒரே கணினியில் நகலின் மேல் நகலாகக் குவிந்து, கணினிகள் மூச்சுத் திணறி நின்றன. அக்காலத்தில் இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளில் சுமார் 6,000 பாதிக்கப்பட்டன என்று மதிப்பிட்டார்கள். 1990-இல் நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டுக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. பிற்காலத்தில் அவர் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்விக்கூடத்தில் பேராசிரியரானார். எல்லோருக்கும் அப்படி ஒரு மறுவாய்ப்புக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வகை ஓட்டையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எழுதிய கருத்தை மற்றவர்களுக்குக் காட்டும் பக்கங்கள் உண்டல்லவா? அங்கே ஒருவர் கருத்துக்குப் பதிலாக ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதிவிட்டால், படிக்க வருகிறவர்களின் கருவியில் அது ஓடத் தொடங்கிவிடும். 2005-ஆம் ஆண்டில் மைஸ்பேஸ் என்ற தளத்தில் பத்தொன்பது வயது இளைஞர் சாமி காம்கர் இப்படிச் செய்தார். ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் அது ஒட்டிக்கொண்டது. அங்கே தட்டில் வைத்த பண்டத்துக்குள்ளேயே கட்டளை ஒளிந்திருந்தது. இதற்கும் மருந்து, பிறர் எழுத்தைக் காட்டும்போது கட்டளைக் குறிகளை வெறும் எழுத்துகளாக மாற்றிக் காட்டுவதுதான். நோய்கள் இரண்டானாலும் வேர் ஒன்றே என்பதைக் கவனித்தீர்களா? வெளியிலிருந்து வந்த சொல், உள்ளே கட்டளையாக மாறிவிடுகிறது.

ஏன் இப்படி அமைந்தது? 1989-ஆம் ஆண்டில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையைத் திட்டமிட்டபோது, அங்குள்ள அறிஞர்கள் தங்கள் குறிப்புகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதே அதன் நோக்கமாக இருந்தது. 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் அதை யாவருக்கும் இலவசமாக்கிவிட்டது. நண்பர்கள் கூடிப் படிப்பதற்காகக் கட்டிய திண்ணையில், பிறகு கடையும் வந்தது, வங்கியும் வந்தது, தேர்வு மதிப்பெண்ணும் வந்தது. கதவும் தாழ்ப்பாளும் பின்னால் பொருத்தியவைதாம்.

தாழ்ப்பாள் என்றவுடன், பல உலாவிகளின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னத்தைச் சிலர் நினைப்பீர்கள். அந்தப் பூட்டுக்கு உரிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே வழங்கி வருகிறது. ஆகவே நீங்கள் அமைக்கும் தளத்துக்கும் தவறாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது, கடிதம் முத்திரையிட்ட உறையில் போகிறது என்பதற்கு மட்டுமே உறுதி. உறையைப் பிரிக்கிறவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. மோசடித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன.

இனி, கற்க விரும்புகிறவர்கள் எங்கே தொடங்குவது? இதில் என் கருத்து சற்றுப் பிடிவாதமானது. பாதுகாப்புத் துறையில் ஆசை கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர், ஓட்டைகளைத் தேடித் தரும் ஆயத்த நிரல்களைத்தான் முதலில் கேட்கிறார்கள். நாடி பார்க்கத் தெரியாதவர் மருந்துப் பெட்டி வாங்குவது போன்றது அது. முதலில் ஒரு தளத்தைக் கட்டுங்கள். உங்கள் தெரு நூலகத்துக்கோ, பள்ளி விளையாட்டுக் குழுவுக்கோ, அம்மாவின் தையல் கணக்குக்கோ ஒன்று செய்யுங்கள். உள்ளே வர ஒரு வாயில், பெயரும் கடவுச்சொல்லும், ஒரு தரவுத்தளம் ஆகிய இவை இருந்தால் போதும். அதைச் செய்யும்போதே, லினக்ஸ் என்னும் இயக்குதளமும், கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். மொசில்லா நிறுவனம் இலவசமாக வைத்துள்ள விளக்க நூலகத்தை நான் இன்றும் புரட்டுகிறேன். ஒரு வாரம் ஓடிய பிறகு, நீங்கள் கட்டியதை நீங்களே உடைக்க முயலுங்கள். பெயர்க் கட்டத்தில் மேற்கோள் குறியை இடுங்கள். முகவரியில் 17 என்று இருக்கும் எண்ணை 18 ஆக்கி, அடுத்தவருடைய கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பின்னதை அற்பம் என்று எண்ணாதீர்கள். உரிமையில்லாதவரை உள்ளே விடும் இத்தகைய குறையைத்தான், ஒவாஸ்ப் என்ற அமைப்பு 2021-இல் வெளியிட்ட பத்துப் பெருங்குறைகளின் பட்டியலில் முதலிடத்தில் வைத்தது.

பிறருடைய பூட்டைத் தொடாமல் பழகுவதற்கும் இடங்கள் இருக்கின்றன. ஒவாஸ்ப் அமைப்பே ஜூஸ் ஷாப் என்ற பெயரில், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த ஒரு பழச்சாற்றுக் கடைத் தளத்தைச் செய்து வைத்திருக்கிறது. அதை உங்கள் கணினியிலேயே நிறுவிக்கொண்டு இரவு முழுவதும் உடைக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் பள்ளி மாணவர்களுக்காகவே 2013 முதல் பிகோ சி.டி.எஃப். என்ற போட்டியை நடத்தி வருகிறார்கள். என் மாணவியும் அப்படித்தான் பழகினாள். விடுதிப் பதிவேட்டை அன்றிரவே மூடி, நான்கு நாள்களில் திருத்தி எழுதினாள். டி’சோசாவுக்கு முதல் புத்தகம் அவள் கையாலேயே கொடுத்தாளாம்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து அவள் மீண்டும் வந்தாள். இந்த முறை அறைத்தோழியும் உடன் வந்திருந்தாள். ஆயிரக்கணக்கான மாணவர்களின் மதிப்பெண்களைக் காட்டும் ஒரு நிலையத்தின் தளம். அதன் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அதில் டி’சோசா தன் பெயரை இட்டால் எப்போதும் பிழைச்செய்தி வருவதாகவும், நேரில் அலுவலகத்துக்குப் போய்த்தான் மதிப்பெண் தெரிந்துகொள்வதாகவும் அந்தப் பெண் சொன்னாள். ஒவ்வொரு பருவத்திலும் அப்படித்தானாம். பிழைச்செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். விடுதிப் பதிவேட்டில் வந்த அதே செய்தி.

“உள்ளே இருப்பது எல்லாம் வரும் ஐயா. ஒரு முறை எடுத்துக் காட்டினால்தான் நம்புவார்கள்” என்றாள் என் மாணவி. அவள் குரலில் ஆசை இல்லை, கோபம் இருந்தது. அதுவே எனக்கு அச்சம் தந்தது. ஆசைப்படுகிறவர்களைத் தடுப்பது எளிது. நியாயத்துக்காகக் கோபப்படுகிறவர்களைத் தடுப்பது கடினம்.

“வேண்டாமம்மா” என்றேன். காரணத்தையும் சொன்னேன். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதும், அதிலுள்ளதை எடுப்பதும் அதன் 43-ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்கு உரியவை. அதையே நேர்மையற்ற அல்லது வஞ்சக எண்ணத்தோடு செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். உன் எண்ணம் தூயது என்பது எனக்குத் தெரியும். வழக்கு மன்றம் வரை போக நேர்ந்தால், அந்த எண்ணமே அங்கு ஆராயப்படும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பதிவேட்டில் இருக்கும் ஆயிரம் பேரில் எவரும் தங்கள் மதிப்பெண்ணை உன்னிடம் காட்டச் சம்மதிக்கவில்லையே!

டி’சோசா தன் பெயரைத் தன் கட்டத்தில் இட்டது குற்றமாகாது. அதுவரையில் கண்டதை மட்டும் எழுதுவோம் என்று முடிவு செய்தோம். எந்தப் பக்கம், எந்த நாள், என்ன இடப்பட்டது, என்ன செய்தி வந்தது, அதனால் நேரக்கூடியது என்ன, திருத்தும் வழி என்ன, இதற்குமேல் நாங்கள் எதையும் முயலவில்லை என்று ஒரு பக்கக் கடிதம். அதன் ஒரு நகலை, 2004 முதல் இத்தகைய முறையீடுகளைக் கவனித்து வரும் செர்ட்-இன் என்ற மைய அரசு அமைப்புக்கும் அனுப்பினோம். கடிதத்தில் முதல் கையொப்பம் என்னுடையது. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தக் கரும்பலகை வரியை எழுதியவன் நான் அல்லவா?

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு அந்த நிலையத்தார் எங்களை அழைத்தார்கள். “இதைச் சோதிக்க உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்?” என்பதே அங்கு இருந்த அதிகாரியின் முதல் கேள்வி. டி’சோசா தன் கல்லூரி அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, “என் பெயர் ஐயா இது” என்றாள். அந்த அட்டையை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களுக்குக் காப்பி வரவழைத்தார். அடுத்த வாரம் இரண்டு நாள் அந்தத் தளம் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது, டி’சோசா தன் மதிப்பெண்ணை முதன்முதலாகத் தன் கைப்பேசியிலேயே பார்த்தாள். நன்றிக் கடிதம் ஒன்றும் வரவில்லை. திருத்தியது யார் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு அந்தப் பாடத்துக்கு வந்தபோது, பாடநூலில் உள்ள வரியை வழக்கம்போல் கரும்பலகையில் எழுதினேன். அதன் கீழே, பெயரைத் தனியாக அனுப்பும் இரண்டு வரிகளையும் எழுதினேன். ஒரு மேற்கோள் குறியை இட்டு, முதல் வரி எப்படி உடைகிறது என்பதைச் செய்தும் காட்டினேன். வகுப்பு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மணி அடிக்கும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, இந்த இரண்டில் தேர்வுக்கு வருவது எது?” என்று கேட்டான்.

“முதலாவது” என்றேன். “பாடநூலில் அதுதான் இருக்கிறது. நீ இரண்டாவதை எழுது, திருத்துகிறவன் நான்தான்.”